திரும்பி வராத மின்சாரம்

பழைய கார் வைத்திருப்பவர் வீட்டு அலமாரியைத் திறந்து பாருங்கள். ஒரு நல்ல வைப்பர் மோட்டார் அங்கே தூங்கிக்கொண்டிருக்க வாய்ப்பு அதிகம். கெட்டுப்போய்விட்டது என்று நினைத்துக் கழற்றியது அது.

கதை பெரும்பாலும் இப்படித்தான் நடக்கும். மழை பிடித்துக்கொள்கிறது. ஸ்விட்சைப் போட்டால் கண்ணாடி மேல் இரண்டு வைப்பர் கைகளும் பாதி தூரம் ஏறி, தயங்கி, நின்றுவிடுகின்றன. ஹெட்லைட் பளிச்சென்று எரிகிறது, ஹாரன் அலறுகிறது. ஆகவே பேட்டரியில் குறை இல்லை. மோட்டாரின் பிளக்கைக் கழற்றி மீட்டரை வைத்துப் பார்த்தால் 12 வோல்ட் காட்டுகிறது. ஆகவே மின்சாரம் வருகிறது. மின்சாரம் வந்தும் மோட்டார் ஓடவில்லை. எனவே மோட்டார் போச்சு. புது மோட்டார் வாங்கிப் பொருத்துகிறார்கள். அதுவும் பாதி தூரம் ஏறி நிற்கிறது.

இந்த அத்தியாயம் அந்த 'எனவே'யைப் பற்றியது. அதற்கு முன்னால் பார்த்தது, கேட்டது, அளந்தது எல்லாமே சரி. முடிவு மட்டும் தவறு. எங்கே சறுக்கியது?

ஒரு கார், ஐந்து கம்பி

நமக்கு ஒரு சோதனைக்கூடம் வேண்டும். எம்ஜிபி காரை எடுத்துக்கொள்வோம். இங்கிலாந்தின் ஆபிங்டனில் 1962 முதல் 1980 வரை தயாரான சின்ன ஸ்போர்ட்ஸ் கார் இது. ஐந்து லட்சத்துக்கும் மேல் செய்தார்கள். இன்றும் ஏராளமானவை சாலையில் இருக்கின்றன. வைப்பரை இயக்க இதில் மின்னணுச் சில்லு எதுவும் கிடையாது. கம்பி, ஸ்விட்ச், மோட்டார், அவ்வளவுதான். எல்லாம் கண்ணுக்குத் தெரியும், கைக்கு எட்டும்.

மின்சாதனங்கள் பர்மிங்காமின் லூகாஸ் நிறுவனத்துடையவை. அந்தப் பெயர் சென்னைக்காரர்களுக்குப் புதிதல்ல. டிவிஎஸ் குழுமத்தோடு கூட்டாக 1961இல் தொடங்கிய லூகாஸ் டிவிஎஸ் ஆலை பாடியில் இருக்கிறது. அந்தப் பக்கம் பஸ்ஸில் போகிறவர்களுக்கு 'லூகாஸ்' என்பது ஒரு நிறுத்தத்தின் பெயர். பிரிட்டிஷ் கார் ரசிகர்களோ அந்நிறுவனத்துக்கு 'இருட்டின் இளவரசர்' என்று பட்டம் சூட்டிக் கேலி செய்வார்கள்: விளக்கு போட்டால் இருட்டு வருமாம். இந்தக் கேலியில் எவ்வளவு நியாயம் என்பதை அத்தியாயத்தின் முடிவில் நீங்களே சொல்லுங்கள்.

மின்சாரம் வைப்பருக்கு வந்ததே கொஞ்சம் சுற்றி வளைத்துத்தான். நியூயார்க்கில் பனி கொட்டும் ஒரு நாளில், கண்ணாடியைத் திறந்துவைத்துக்கொண்டு குளிரில் நடுங்கியபடி டிராம் ஓட்டியவரைப் பார்த்தார் அலபாமாவிலிருந்து வந்திருந்த மேரி ஆண்டர்சன். உள்ளேயிருந்தபடியே கைப்பிடியால் இயக்கும் துடைப்பானுக்கு 1903இல் காப்புரிமை பெற்றார். பிறகு, எஞ்சின் காற்றை உறிஞ்சும் விசையைக் கொண்டே வைப்பரை ஆட்டும் முறை வந்தது. அதில் ஒரு வேடிக்கையான குறை இருந்தது. ஆக்சிலரேட்டரை நன்றாக மிதித்தால் அந்த உறிஞ்சுவிசை குறைந்துவிடும். மழையில் மேடு ஏறும்போதும் லாரியை முந்தும்போதும், அதாவது கண்ணாடி தெளிவாக இருந்தே தீரவேண்டிய நேரத்தில், வைப்பர் படுத்துவிடும். மின்மோட்டார் வந்ததும் வைப்பர் எஞ்சினின் மனநிலையிலிருந்து விடுதலை பெற்றது. கூடவே கம்பிகளிடம் மாட்டிக்கொண்டது.

எம்ஜிபியில் 1967க்குப் பிறகு வந்த இருவேக மோட்டாருக்கு '14டபிள்யூ' என்று பெயர். அதன் பிளக்கில் ஐந்து கம்பிகள். மெது வேகத்துக்கு ஒன்று, அதிவேகத்துக்கு ஒன்று, வைப்பரைத் தன் இடத்துக்குத் திருப்பி அனுப்புவதற்கு இரண்டு. ஐந்தாவது, கறுப்பு. பலரும் திரும்பிப் பார்க்காத அந்தக் கம்பியில்தான் கதையின் முடிச்சு இருக்கிறது.

போன வழியும் வந்த வழியும்

'மின்சாரம் வருகிறதா?' என்று கேட்பது நம் பேச்சு வழக்கம். தண்ணீர் வருகிறதா, தபால் வருகிறதா என்பதுபோல. தண்ணீர் வந்தால் குடத்தில் தங்கும். மின்சாரம் எங்கும் தங்காது. பேட்டரியின் ஒரு முனையில் புறப்பட்டது, வேலையை முடித்துக்கொண்டு மறுமுனைக்குத் திரும்பியாக வேண்டும். திரும்ப வழி இல்லையென்றால் புறப்படவே செய்யாது. 'சுற்று' என்ற சொல்லுக்கு அதுதான் பொருள்.

எம்ஜிபியில் அந்தப் பயணத்தை நிறத்தை வைத்தே பின்தொடரலாம். பேட்டரியிலிருந்து பழுப்புக் கம்பி. அதில் எப்போதும் மின்சாரம் உண்டு. சாவியைத் திருப்பினால் அது வெள்ளைக் கம்பிக்குத் தாவும். ஃபியூஸைக் கடந்தால் பச்சை. பச்சை, வைப்பர் ஸ்விட்சுக்குப் போகிறது, ஸ்விட்சிலிருந்து மோட்டாருக்கு. இதுவரை போன வழி. மோட்டாரிலிருந்து கறுப்புக் கம்பி ஒன்று காரின் உடலில் ஒரு திருகில் முடிகிறது. அதற்குப் பிறகு கம்பியே இல்லை. காரின் இரும்பு உடல்தான் பேட்டரி வரைக்குமான கம்பி. அத்தனை விளக்குகளுக்கும், ஹாரனுக்கும், மீட்டர்களுக்கும் திரும்பும் பாதை அதே உடல்தான். செம்புச் செலவு மிச்சம்.

இதைத்தான் பட்டறைகளில் 'எர்த்' என்கிறார்கள். பெயர் நம்மைக் கொஞ்சம் ஏமாற்றும். வீட்டில் எர்த் கம்பி மண்ணுக்குள் போகிறது. ஆபத்து வந்தால்தான் அதற்கு வேலை. காரில் எர்த் மண்ணைத் தொடுவதே இல்லை. நான்கு ரப்பர் டயர்களின் மேல் நிற்கிறது. அது பாதுகாப்புக் கம்பி கிடையாது, சுற்றின் சரிபாதி. போன வழியில் எத்தனை ஆம்பியர் போகிறதோ அத்தனையும், ஒரு துளி குறையாமல், எர்த் வழியாகத் திரும்பவேண்டும்.

எந்த முனையை உடலோடு இணைப்பது என்பது வெறும் வழக்கம். 1967 வரை வந்த எம்ஜிபிகளில் பேட்டரியின் நேர்முனை உடலோடு இணைந்திருந்தது. அதற்குப் பிறகு எதிர்முனை. பல்புக்கு இது ஒரு பொருட்டில்லை. பழைய ஒற்றைவேக மோட்டாருக்கும் இல்லை. அதில் காந்தமே மின்சாரத்தால் உண்டாவது. முனைகளை மாற்றினால் காந்தத்தின் திசையும் மாறும், சுழலும் சுருளின் மின்னோட்டமும் மாறும், இரண்டு மாற்றமும் ஒன்றையொன்று அடித்துவிட மோட்டார் பழைய திசையிலேயே சுற்றும். 14டபிள்யூவில் இருப்பது நிலைக்காந்தம். அதில் முனை மாறினால் மோட்டார் தலைகீழாகச் சுற்றும்.

முதலில் சாட்சிகளை விசாரியுங்கள்

ஸ்பேனரை எடுக்கும் முன் காதையும் கண்ணையும் பயன்படுத்தலாம். பச்சைக் கம்பி வைப்பருக்கு மட்டும் சொந்தமானதல்ல. பிரேக் விளக்கு, இண்டிகேட்டர், பெட்ரோல் மீட்டர் முள் எல்லாம் அதே ஃபியூஸின் பிள்ளைகள். வைப்பரோடு சேர்ந்து இவையும் படுத்துவிட்டனவா? குறை ஃபியூஸிலோ அதற்கு முன்னாலோ இருக்கிறது. இவை நன்றாக இருந்து வைப்பர் மட்டும் ஓடவில்லையா? குறை ஃபியூஸுக்கு அப்பால். சாவியைத் திருப்பி, பிரேக்கை மிதித்து, பின்னால் போய்ப் பார்க்க ஒரு நிமிடம். அந்த ஒரு நிமிடத்தில் பாதிக் காரை விசாரணையிலிருந்து விடுவித்துவிட்டோம்.

ஃபியூஸைப் பற்றி ஓர் எச்சரிக்கை. கண்ணாடிக் குழாய்க்குள் கம்பி அறுபடாமல் இருப்பதைப் பார்த்ததும் திருப்தி அடைந்துவிடுகிறோம். ஃபியூஸைப் பிடித்திருக்கும் பித்தளைக் கவ்விகளை யாரும் பார்ப்பதில்லை. ஐம்பது வருட ஈரத்தில் அவை பச்சை பூத்திருக்கும். ஃபியூஸை விரலால் லேசாக உருட்டினால் வைப்பர் உயிர்பெறுகிறதா? அப்படியானால் குற்றவாளி அகப்பட்டுவிட்டார்.

மீட்டர் சொல்லும் பொய்

இப்போது நம் 'எனவே'க்கு வருவோம். பிளக்கில் 12 வோல்ட் இருந்தது. அதை மீட்டரே சொன்னது. மீட்டர் பொய் சொல்லுமா?

சென்னையில் போர் தண்ணீர் வரும் வீடுகளில் குடியிருந்தவர்களுக்கு இதை விளக்குவது சுலபம். மொட்டைமாடித் தொட்டி நிறையத் தண்ணீர். வருடக்கணக்கில் உப்பு படிந்து படிந்து குழாயின் உட்புறம் ஊசித் துளை அளவுக்குச் சுருங்கிவிட்டது. குளியலறைக் குழாயை மூடிவைத்து அதன் வாயில் அழுத்தமானியைப் பொருத்திப் பாருங்கள். முழு அழுத்தமும் காட்டும். தண்ணீர் ஓடாதபோது ஊசித் துளையும் ஓர் அங்குலக் குழாயும் ஒன்றுதான். திறந்தால் தெரியும் சேதி: சொட்டுச் சொட்டாக வழியும்.

மின்சாரத்திலும் அப்படியே. ஓம் விதி சொல்வது இதுதான்: தடை தின்னும் வோல்ட், அதன் வழியே ஓடும் மின்னோட்டத்தைப் பொறுத்தது. ஓட்டம் இல்லையென்றால் இழப்பும் இல்லை. இன்றைய டிஜிட்டல் மீட்டரின் உள்தடை பெரும்பாலும் ஒரு கோடி ஓம். அது உறிஞ்சும் மின்சாரம் இல்லாததற்குச் சமம். வழியில் 1,000 ஓம் தடையுள்ள துருப்பிடித்த இணைப்பு இருந்தாலும் 12 வோல்ட்டில் ஆயிரத்தில் ஒரு வோல்ட் அளவுக்குத்தான் குறையும். மீட்டர் '12' என்றே காட்டும். அதே 1,000 ஓம் வழியாக ஒரு மோட்டாரை ஓட்டிப் பாருங்கள். அசையக்கூட அசையாது.

பிளக்கைக் கழற்றி அளந்ததுதான் தவறு. கழற்றியவுடன் ஓட்டம் நின்றது. ஓட்டம் நின்றதும் குறை மறைந்தது. மீட்டர் பொய் சொல்லவில்லை. நாம் கேட்ட கேள்விக்குச் சரியாகப் பதில் சொன்னது. கேள்விதான் தப்பு.

இந்த விஷயத்தில், பழைய ஆட்டோ எலக்ட்ரீஷியன்கள் வைத்திருக்கும் டெஸ்ட் லேம்ப் சில சமயம் விலையுயர்ந்த மீட்டரை வென்றுவிடும். 21 வாட் இண்டிகேட்டர் பல்பு ஒன்று, இரண்டு துண்டு ஒயர். 12 வோல்ட்டில் அது 1.75 ஆம்பியர் கேட்கும். கேட்பதைக் கொடுக்க முடியாத இணைப்பின் வழியே பல்பு மங்கி எரியும், அல்லது எரியவே எரியாது. பல்பு ஒரு சின்ன வேலையைக் கொடுத்துச் சோதிக்கிறது. மீட்டர் வெறுமனே நலம் விசாரிக்கிறது.

மீட்டரையும் சரியாகக் கேள்வி கேட்க வைக்கலாம். பிளக்கைக் கழற்றாதீர்கள். எதிர்முனை எர்த் உள்ள காரில், மீட்டரின் ஒரு முனையை மோட்டாரின் கறுப்புக் கம்பி நுழையும் இடத்தில் வையுங்கள். மறுமுனையைப் பேட்டரியின் எதிர்முனையில். வைப்பரைப் போடுங்கள். இரண்டும் ஒரே இடம்தான், பெயருக்கு நடுவே ஒரு கம்பியும் காரின் உடலும் இருக்கின்றன. ஆகவே மீட்டர் பூச்சியத்தை ஒட்டிக் காட்டவேண்டும். 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் கவலையில்லை. 3 வோல்ட் காட்டினால்? அந்த 3 வோல்ட் மோட்டாருக்குப் போகாமல் திரும்பும் வழியில் களவு போகிறது.

களவு நடக்கும் இடத்தையும் பிடித்துவிடலாம். பேட்டரி முனையில் வைத்த கை அங்கேயே இருக்கட்டும். மறுகையை மோட்டாரிலிருந்து படிப்படியாக நகர்த்துங்கள்: பிளக், கம்பியின் முனை, திருகு, திருகைச் சுற்றியுள்ள தகடு. எந்த இரண்டு இடங்களுக்கு நடுவே எண் 3இலிருந்து பூச்சியத்துக்குக் குதிக்கிறதோ அங்கே இருக்கிறது குறை. போன வழியிலும் இதே விளையாட்டுதான்: பேட்டரியின் நேர்முனையிலிருந்து மோட்டாரின் வாசல் வரை.

அழகு செய்த கேடு

அந்த இடம் எப்படி இருக்கும்? பல சமயம், புத்தம்புதிதாக இருக்கும்.

பழைய காரைப் புதுப்பிக்கிறவர் துருவைச் சுரண்டி, ஓட்டையை அடைத்து, நான்கைந்து பூச்சு பெயிண்ட் அடிக்கிறார். பெயிண்ட் மின்கடத்தாப் பொருள். எர்த் திருகு உட்காரும் இடத்திலும் அது பளபளவென்று படிந்துவிடுகிறது. திருகின் மரை மட்டும் இரும்பை எங்கோ லேசாக உரசுகிறது. மோட்டாருக்கும் வேறு போக்கிடம் இல்லை. சத்தம் காருக்குள் கேட்காமலிருக்க அதை ரப்பர் மெத்தைமேல் உட்காரவைத்திருக்கிறார்கள். அதனால் மோட்டாரின் கூடு காரின் உடலை நேரடியாகத் தொடுவதில்லை. அந்த ஒரு கறுப்புக் கம்பி, அந்த ஒரு திருகு, அவ்வளவுதான் அதற்கு ஊர் திரும்பும் பாதை. காரை அழகாக்கிய கையே அதை அடைத்துவிட்டது.

அந்த இணைப்பில் 1 ஓம் தடை என்று வைத்துக்கொள்வோம். ஒரு ஓம் என்பது கேட்கவே அற்பம். வைப்பர் 3 ஆம்பியர் இழுத்தால் அங்கே 3 வோல்ட் போகும்; மோட்டாருக்கு மிஞ்சுவது 9. போன 3 வோல்ட் வெப்பமாகிறது: 3 வோல்ட், 3 ஆம்பியர், 9 வாட். கடுகு அளவு தொடுபரப்பில் 9 வாட். தொட்டுப் பாருங்கள், சுடும். சூட்டில் உலோகம் இன்னும் வேகமாக ஆக்சைடு ஆகும். ஆக்சைடு தடையை ஏற்றும். ஏறிய தடை சூட்டை ஏற்றும். கெட்ட இணைப்பு தன்னைத்தானே மேலும் கெடுத்துக்கொள்ளும்.

வழி அடைபட்டால் மின்சாரம் சும்மா இருக்காது, பக்கத்து வீட்டு வாசல் வழியாகப் போகப் பார்க்கும். பின்விளக்குக் கூட்டின் எர்த் அறுந்த கார்களில், இண்டிகேட்டரைப் போட்டால் பிரேக் விளக்கும் சேர்ந்து மினுங்குவதைப் பார்க்கலாம். இண்டிகேட்டரின் மின்சாரம், பிரேக் பல்பின் இழை வழியாக நுழைந்து வேறு எர்த்தைத் தேடிப் போகிறது. காருக்குப் பேய் பிடித்ததுபோல இரண்டு சாதனங்கள் ஒன்றையொன்று ஆட்டிவைத்தால், முதலில் எர்த்தைப் பாருங்கள்.

நிற்கும் மோட்டாரின் பசி

ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது. 9 வோல்ட் கிடைத்தால் வைப்பர் மெதுவாகவாவது ஓடியிருக்க வேண்டுமே, ஏன் பாதியில் நிற்கிறது? பதில் மோட்டாரின் உள்ளே இருக்கிறது.

காந்தத்துக்கு நடுவே சுழலும் எந்தச் சுருளிலும் மின்சாரம் பிறக்கும். டைனமோ வேலை செய்வது அப்படித்தான். மோட்டாரும் சுழலும் சுருள்தானே? ஆகவே ஓடும் ஒவ்வொரு மோட்டாரும் அதே சமயத்தில் ஒரு டைனமோ. அது பிறப்பிக்கும் வோல்ட், பேட்டரியின் வோல்ட்டுக்கு எதிராக நிற்கும். எதிர் மின்னியக்கு விசை என்று பாடப்புத்தகங்களில் படித்திருப்போம். மோட்டார் வேகமாக ஓட ஓட இந்த எதிர்ப்பு வளர்ந்து, இழுக்கும் மின்னோட்டம் குறையும். மோட்டார் நின்றுவிட்டால் எதிர்ப்பு பூச்சியம், மின்னோட்டம் உச்சம்.

எம்ஜிபியின் பழைய ஒற்றைவேக மோட்டாருக்குப் பட்டறைக் கையேடு கொடுக்கும் கணக்கு: ஓடும்போது சுமார் 3 ஆம்பியர், தடுக்கப்பட்டு நின்றால் 13 முதல் 15. ஆக நிற்கும் மோட்டாரின் தடை ஏறத்தாழ 0.9 ஓம்தான். நம் கெட்ட எர்த்தோ 1 ஓம். புறப்படும் கணத்தில் இரண்டும் 12 வோல்ட்டைப் பங்குபோட்டுக்கொள்ளும். பெரிய பங்கு எர்த்துக்கு. மோட்டாருக்குக் கிடைப்பது பாதிக்கும் குறைவு. மின்னோட்டம் ஆறு ஆம்பியரைச் சுற்றித்தான் ஏறும். மிக அதிகமாகப் பசிக்கும் நேரத்தில் பாதிச் சோறு. வைப்பரைக் கையால் லேசாகத் தள்ளிவிட்டால் ஓடத் தொடங்குகிறதே, அது இதனால்தான்: சுழற்சி வந்ததும் எதிர்ப்பு வருகிறது, மின்னோட்டம் குறைகிறது, எர்த் தின்னும் பங்கும் குறைகிறது. பாதி வழியில் பாரம் கூடினால் மறுபடியும் பழைய கதை.

பாரம் என்றதும் மின்சாரத்தை விட்டுக் கொஞ்சம் வெளியே வரவேண்டும். மோட்டார் தன் சுழற்சியைப் பல்சக்கரத்தால் முன்னும் பின்னுமான அசைவாக மாற்றுகிறது. அந்த அசைவு, சுருள்கம்பி சுற்றிய ஒரு நீண்ட வளையும் கம்பியின் வழியே, குழாய்க்குள் ஓடி, வைப்பர் அச்சுகளின் அடியிலுள்ள சிறு பல்சக்கரப் பெட்டிகளைத் திருப்புகிறது. அரை நூற்றாண்டுக்கு முன் பூசிய கிரீஸ் அங்கே மெழுகாக இறுகியிருக்கும். அச்சைச் சுற்றியுள்ள ரப்பர் வெடித்து மழைநீர் உள்ளே இறங்கியிருக்கும். வைப்பர் மெதுவானால் 'வோல்ட் போதவில்லை' என்கிறோம். கிரீஸ் இறுகினாலும் அதே அறிகுறிதான்.

இரண்டையும் பிரிக்க ஒரு வழி உண்டு. மோட்டாரிலிருந்து அந்தக் கம்பியைக் கழற்றிவிட்டு மோட்டாரைத் தனியே ஓட்டுங்கள். ஒரு நிமிடம் ஓடிய 14டபிள்யூ மெது வேகத்தில் 1.5 ஆம்பியர், அதிவேகத்தில் 2 ஆம்பியர் அளவே இழுக்கவேண்டும். அப்படி இருந்தால் மோட்டார் குற்றமற்றது. கம்பியை ஒரு வில் தராசால் குழாய்க்குள் இழுத்துப் பாருங்கள். 6 பவுண்டு, அதாவது சுமார் 2.7 கிலோ விசைக்குமேல் கேட்டால் கிரீஸுக்கோ வளைந்த குழாய்க்கோ வைத்தியம் தேவை. சோதனை முழுக்கக் கண்ணாடியில் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருங்கள். காய்ந்த கண்ணாடியில் ரப்பர் பிடித்துக்கொள்ளும். நல்ல மோட்டாரும் நோயாளிபோல நடிக்கும்.

நின்றுபோன மோட்டாரை ஸ்விட்ச் போட்டபடி விட்டுவைக்காதீர்கள். ஃபியூஸ் காப்பாற்றும் என்று நம்பவேண்டாம். இந்தக் காரின் ஃபியூஸில் '35' என்று இருக்கும். பழைய பிரிட்டிஷ் வழக்கப்படி அது எரிந்துபோகும் அளவு. தொடர்ந்து தாங்கும் அளவு 17 ஆம்பியர். நின்ற மோட்டார் இழுப்பதோ 15. ஃபியூஸுக்கு வியர்க்கக்கூடச் செய்யாது. அதற்குள் மோட்டாரின் சுருள் கருகிவிடும். ஃபியூஸ் கம்பிக்குக் காவல், மோட்டாருக்கு இல்லை.

வீடு திரும்பும் கை

ஸ்விட்சை அணைத்ததும் வைப்பர் நட்டநடுக் கண்ணாடியில் நிற்பதில்லை. கீழே இறங்கி, ஓரத்தில் படுத்துக்கொள்கிறது. அணைத்த பிறகும் அதை ஓட்டுவது யார்? மோட்டாரின் பல்சக்கரத்தோடு ஒட்டிய ஒரு குட்டி ஸ்விட்ச். நாம் அணைத்தவுடன், பெரிய ஸ்விட்ச் மோட்டாரை இந்தக் குட்டி ஸ்விட்சிடம் ஒப்படைக்கிறது. கை ஓரத்துக்கு வரும்வரை அது மின்சாரம் கொடுக்கும். வந்ததும் நிறுத்தும்.

நிறுத்தினால் மட்டும் போதாது. ஈரக் கண்ணாடியில் மோட்டார் தன் வேகத்தில் கொஞ்சம் ஓடிவிடும். அதற்காக, மின்சாரத்தை வெட்டிய அதே கணத்தில் அந்தக் குட்டி ஸ்விட்ச் மோட்டாரின் இரு முனைகளையும் எர்த்தில் ஒன்றுசேர்க்கிறது. சுழலும் மோட்டார் ஒரு டைனமோ என்று பார்த்தோம். முனைகள் இணைந்த டைனமோவில் மின்சாரம் பாய்ந்து, அந்த மின்சாரம் சுழற்சியையே எதிர்த்து நிற்கும். பிரேக் கட்டை இல்லாத பிரேக். உடைந்த பொம்மைக் காரின் மோட்டார் வீட்டில் இருந்தால் செய்து பாருங்கள்: அச்சை விரலால் சுண்டினால் சுற்றும்; இரண்டு ஒயர்களையும் முறுக்கிச் சேர்த்துவிட்டுச் சுண்டினால் யாரோ பிடித்து இழுப்பதுபோல உடனே நிற்கும். மின்சார ரயில்கள் வேகத்தைக் குறைக்கவும் இதே இயற்பியலைப் பயன்படுத்துகின்றன.

இது புரிந்தால் அறிகுறிகளே பேசத் தொடங்கும். அணைத்த இடத்திலேயே வைப்பர் உறைந்துவிட்டதா? குட்டி ஸ்விட்சுக்கு வரும் பச்சைக் கம்பியையும், அங்கிருந்து திரும்பும் பழுப்பு-இளம்பச்சைக் கம்பியையும் பாருங்கள். அணைத்தும் நிற்காமல் துடைத்துக்கொண்டே இருக்கிறதா? குட்டி ஸ்விட்ச் மாறவில்லை. ஓரத்தைத் தாண்டிப் போய் மறுபடி ஒரு சுற்று வருகிறதா? பிரேக் பிடிக்கவில்லை, எர்த்தைத் தொடும் அதன் முனையில் அழுக்கு.

இன்னும் ஒரு புதிர். வைப்பர் அதிவேகத்தில் ஓடுகிறது, மெது வேகத்தில் ஓடவில்லை, ஓரத்துக்கும் திரும்பவில்லை. இரண்டு குறைகளா? 14டபிள்யூவில் மூன்று கார்பன் பிரஷ்கள் உண்டு. மூன்றாவது பிரஷ் சற்றே தள்ளி உட்கார்ந்து, சுருளின் ஒரு பகுதியைப் போட்டியிலிருந்து விலக்குகிறது. எதிர்ப்பு குறைவதால் மோட்டார் வேகம் எடுக்கிறது. ஓரத்துக்குத் திரும்பும் பயணமோ மெது வேக பிரஷ் வழியாக நடக்கிறது. ஆகவே அது ஒரே குறை: மெது வேக பிரஷ் தேய்ந்திருக்கலாம், அல்லது அதற்குப் போகும் கம்பி விட்டிருக்கலாம். மோட்டாரைத் திறக்காமலே இவ்வளவு சொல்லிவிட முடிகிறது.

அலமாரியில் ஒன்று

தொடக்கத்தில் பார்த்த காருக்குத் திரும்புவோம். கண்ணாடியில் தண்ணீர் தெளித்து, பிளக்கைக் கழற்றாமல், வைப்பரைப் போட்டு, மோட்டாரின் கறுப்புக் கம்பிக்கும் பேட்டரியின் எதிர்முனைக்கும் நடுவே மீட்டரை வைக்கிறோம். கைகள் பாதியில் தயங்கும் அந்த நேரத்தில் மீட்டர் 5, 6 என்று ஏறுகிறது. கம்பியின் முனையில் அதே எண். திருகின் தலையில் அதே எண். திருகுக்கு ஒரு விரல் தள்ளித் தகட்டைச் சுரண்டித் தொட்டால், பூச்சியம்.

திருகைக் கழற்றினால் கீழே அழகான பச்சை பெயிண்ட். உப்புத்தாளால் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குத் தேய்த்து, இரும்பு வெளுத்ததும், பல் வாஷர் ஒன்று போட்டு இறுக்கி, ஈரம் புகாமல் மேலே வாஸ்லின் தடவுகிறோம். மறுபடியும் மீட்டர்: 0.1. கைகள் ஏறுகின்றன, இறங்குகின்றன. அணைத்தால் ஓரத்துக்கு வந்து ஒரு சின்னக் குலுங்கலோடு படுக்கின்றன.

பிறகு, சந்தேகம் தீர, பழைய மோட்டாரை எடுத்துப் பொருத்திப் பார்க்கிறோம். அதுவும் ஓடுகிறது. பர்மிங்காமில் செய்த அந்த மோட்டாருக்கு வயது ஐம்பதுக்குமேல். அதற்கு எதிராக நம்மிடம் இருந்த ஒரே சாட்சியம், கழற்றிய பிளக்கில் பார்த்த 12 வோல்ட். இரண்டு நல்ல மோட்டார்களில் ஒன்று அலமாரிக்குப் போகிறது, இம்முறை புதியது.